ஒரே நிரல், இரண்டு வாசிப்புகள்

புரோலாக் என்ற நிரல்மொழியில் வேலை செய்தவர்கள் அதைப் பற்றி மிதமாகப் பேசுவது அரிது. நிரல் எழுதுவதைப் பற்றிய தங்கள் எண்ணத்தையே அது மாற்றிவிட்டது என்பார்கள் சிலர். பத்து வரி நிரல் ஏன் முடிவே இல்லாமல் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் திணறி, பழைய மொழிக்கே திரும்பிவிட்டதைச் சொல்வார்கள் வேறு சிலர். ஒரே ஆள் இரண்டையும் சொல்வதும் உண்டு. 1972-இல் பிறந்து ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்ட ஒரு மொழியைப் பற்றி இன்றும் பேச்சு இப்படி இரண்டாகப் பிரிகிறது என்றால், அதை வெறும் ரசனை வேறுபாடு என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த வியப்பும் இந்த எரிச்சலும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் வாதம். புரோலாக்கில் எழுதிய எதையும் இரண்டு விதமாக வாசிக்கலாம். உலகத்தில் எது உண்மை என்று சொல்லும் கூற்றாக வாசிக்கலாம். கணினி எதை முதலில் செய்யவேண்டும், எதைப் பிறகு செய்யவேண்டும் என்ற கட்டளை வரிசையாகவும் வாசிக்கலாம். முதல் வாசிப்பைச் சொல்லித்தான் இந்த மொழியை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார்கள். இரண்டாவது வாசிப்பை நிரலாளர்கள் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள்.

மொழி பிறந்தது பிரான்ஸின் தெற்குக் கரையிலுள்ள மார்செய் நகரத்தில். அங்கே லூமினி வளாகத்தில் ஆய்வுக் குழு நடத்திய அலேன் கோல்மரோயரும் ஃபிலிப் ரூசெலும் புதிய நிரல்மொழி ஒன்றைச் செய்யவேண்டும் என்று புறப்படவில்லை. பிரெஞ்சு மொழியில் சொன்ன வாக்கியங்களைக் கணினி புரிந்துகொள்ள வேண்டும், அவற்றிலிருந்து தானாகவே முடிவுகளுக்கு வரவேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். கோல்மரோயர் அதற்கு முன்பு கனடாவின் மான்ட்ரியலில் இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வில் இருந்தவர். அங்கே அவர் உருவாக்கிய கருவி பின்னாளில் வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றும் மெத்தியோ திட்டத்துக்குப் பயன்பட்டது. அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ராபர்ட் கோவால்ஸ்கி, தேற்றங்களைக் கணினியே நிரூபிக்கும் வழிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1965-இல் ஆலன் ராபின்சன் வெளியிட்ட ரெசல்யூஷன் முறை அந்தத் துறைக்கு ஒரு வலுவான அடித்தளத்தைக் கொடுத்திருந்தது. கோவால்ஸ்கி 1971-இல் மார்செய்க்கு வந்தார். அந்தச் சந்திப்புகளில் தெளிவான கருத்து இதுதான்: ‘இவையெல்லாம் உண்மையானால் இதுவும் உண்மை’ என்ற வடிவத்தில் அமைந்த தர்க்க வாக்கியத்தை, ‘இதை முடிக்கவேண்டுமானால் இவற்றையெல்லாம் முடி’ என்ற வேலைக் குறிப்பாகவும் படிக்கலாம். ஒரு பக்கம் பார்த்தால் நிரூபணம், மறுபக்கம் பார்த்தால் கணக்கீடு. இரண்டு வாசிப்புகளும் மொழியின் பிறப்பிலேயே இருந்தன; பிற்காலத்தில் புகுந்த கோளாறு எதுவும் இல்லை.

மார்செய்யிலிருந்து பாரிஸ் போகும் ரயில் பாதையை வைத்து இதைப் பார்க்கலாம். மார்செய்யிலிருந்து அவிஞ்ஞோனுக்குப் பாதை உண்டு, அவிஞ்ஞோனிலிருந்து லியோனுக்கு உண்டு, லியோனிலிருந்து பாரிஸுக்கு உண்டு. புரோலாக்கில் இவை மூன்றும் மூன்று உண்மைகள். இவற்றின் மேல் இரண்டு விதிகள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நேரே பாதை இருந்தால் அங்கே போகலாம் என்பது முதல் விதி. ஓர் ஊரிலிருந்து ஓர் இடை ஊருக்கு நேரே பாதை இருந்து, அந்த இடை ஊரிலிருந்து இலக்குக்குப் போகவும் முடியுமானால், முதல் ஊரிலிருந்தும் இலக்குக்குப் போகலாம் என்பது இரண்டாவது விதி. அவ்வளவுதான் நிரல். மார்செய்யிலிருந்து பாரிஸ் போகலாமா என்று கேட்டால் ஆம் என்கிறது. மார்செய்யிலிருந்து எங்கெல்லாம் போகலாம் என்று கேட்டால் மூன்று ஊர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறது. பாரிஸுக்கு எங்கிருந்தெல்லாம் வரலாம் என்று தலைகீழாகக் கேட்டாலும் அதே ஐந்து வாக்கியங்களை வைத்தே பதில் சொல்கிறது. வழி தேடும் சுழற்சியை நிரலாளர் எங்கும் எழுதவில்லை. கேள்விக்குப் பொருந்தும் விதியை மேலிருந்து கீழாகத் தேடுவது, அந்த விதியின் நிபந்தனைகளை இடமிருந்து வலமாகச் சரிபார்ப்பது, எங்காவது முட்டினால் கடைசியாகத் தேர்ந்த கிளைக்குப் பின்வாங்கி அடுத்த கிளையை முயல்வது என எல்லா வேலையையும் மொழியின் எந்திரமே பார்த்துக்கொள்கிறது.

ரயில் பாதையைவிட ஆழமாகப் பிடித்துப்போடும் எடுத்துக்காட்டு ஒன்று எல்லாப் புரோலாக் பாடநூல்களிலும் இருக்கிறது: இரண்டு பட்டியல்களை ஒட்டுவது. வேறு மொழிகளில் அது ஒரு செயல். இரண்டைக் கொடுத்தால் ஒன்று வரும். புரோலாக்கில் அது மூன்று பட்டியல்களுக்கு இடையிலுள்ள உறவு. வெறும் பட்டியலோடு எந்தப் பட்டியலை ஒட்டினாலும் அதே பட்டியல்தான் கிடைக்கும் என்பது முதல் கூற்று. தலை உறுப்பும் வாலும் உள்ள ஒரு பட்டியலோடு இன்னொன்றை ஒட்டினால், அதே தலையோடு, வாலையும் அந்த இன்னொன்றையும் ஒட்டிக் கிடைப்பது வாலாக வரும் என்பது இரண்டாவது. இந்த இரண்டு வரிகளை எழுதிவிட்டு, எந்த இரண்டு பட்டியல்களை ஒட்டினால் அ, ஆ, இ என்ற மூன்று உறுப்புப் பட்டியல் கிடைக்கும் என்று கேட்கலாம். வெறும் பட்டியலும் முழுப் பட்டியலும், அ தனியாக, அ-வும் ஆ-வும் சேர்ந்து, முழுப் பட்டியலும் வெறும் பட்டியலும் என நான்கு விடைகளும் வரிசையாக வரும். ஒட்டுவதற்கு எழுதியது பிரிப்பதற்கும் உதவுகிறது. கடைசி உறுப்பு எது, ஒன்றுக்கு முன்னால் வருவது எது, ஒரு பட்டியல் இன்னொன்றின் தொடக்கமா என்பவற்றுக்கெல்லாம் அதே இரண்டு வரிகள் போதும். புரோலாக் தங்களை மாற்றியது என்று சொல்பவர்கள் இத்தகைய ஒரு தருணத்தைத்தான் மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். நிரல் என்பது உள்ளே போடுவதும் வெளியே எடுப்பதும் என்ற பழக்கம் அங்கே உடைகிறது.

இனி எரிச்சலுக்கு வருவோம். ரயில் நிரலின் இரண்டாவது விதியில் உள்ள இரண்டு நிபந்தனைகளின் இடத்தை மாற்றிப் போடுங்கள். இடை ஊரிலிருந்து இலக்குக்குப் போக முடியுமா என்பதை முன்னாலும், முதல் ஊரிலிருந்து இடை ஊருக்கு நேரே பாதை இருக்கிறதா என்பதைப் பின்னாலும் வைத்தால் தர்க்கத்தில் ஒன்றும் மாறவில்லை. மழையும் வெயிலும் என்றாலும் வெயிலும் மழையும் என்றாலும் ஒன்றுதானே. ஆனால் இப்போது, பாதையில் இல்லாத போர்தோவுக்கு மார்செய்யிலிருந்து போகலாமா என்று கேட்டால், இல்லை என்ற பதில் வராது. விதி தன்னையே முதலில் அழைக்கிறது, அந்த அழைப்பும் தன்னையே அழைக்கிறது, நினைவகம் தீரும்வரை இது தொடர்கிறது. பழைய வரிசையில் வைத்திருந்தால் எந்திரம் மார்செய், அவிஞ்ஞோன், லியோன், பாரிஸ் என்று போய் முட்டிக்கொண்டு, இல்லை என்று நேர்மையாகச் சொல்லியிருக்கும். அந்தப் பழைய வரிசையும் நிரந்தரக் காப்பு அல்ல. ரயில் திரும்பியும் வரும் என்று எதிர்த்திசைப் பாதைகளையும் உண்மைகளாகச் சேர்த்தால், எந்திரம் அடுத்தடுத்த இரண்டு ஊர்களுக்கு இடையே போய் வந்துகொண்டே இருக்கும். முதல் வாசிப்பில் குற்றம் இல்லாத நிரல் இரண்டாவது வாசிப்பில் முடிவில்லாமல் ஓடுகிறது. எப்படி என்று சொல்லவேண்டாம், என்ன என்று மட்டும் சொன்னால் போதும் என்று கேட்டு வந்தவருக்கு இது நம்பிக்கைத் துரோகமாகத் தெரிவதில் வியப்பில்லை.

பிழை தேடும்போது இந்த வேதனை இன்னும் கூடுகிறது. ஓர் ஊரின் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதிவிட்டால் பெரும்பாலும் புரோலாக் பிழைச் செய்தி தராது. அது வேறொரு பெயர் என்று எடுத்துக்கொண்டு, பொருந்தாததால் ‘இல்லை’ என்று மட்டும் சொல்லும். ஏன் இல்லை என்று அறிய, ஓட்டத்தை அடியடியாகப் பின்தொடரவேண்டும். அதற்காக 1980-இல் லாரன்ஸ் பேர்ட் என்பவர் வகுத்த படம் இன்றும் புரோலாக் கருவிகள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. வழக்கமான நிரல்மொழியில் ஒரு செயற்கூறுக்கு இரண்டு வாசல்கள்: உள்ளே போவது, வெளியே வருவது. பேர்டின் பெட்டிக்கு நான்கு வாசல்கள். அழைக்கப்பட்டு உள்ளே போகும் வாசல், வெற்றியோடு வெளியே வரும் வாசல், பின்னால் ஏதோ முட்டியதால் வெற்றி வாசல் பக்கமாகவே மறுபடி உள்ளே வரும் வாசல், எல்லாக் கிளைகளும் தீர்ந்து தோல்வியோடு வெளியேறும் வாசல். வேலை முடிந்து வெளியே வந்த ஒரு கூறுக்குள் ஓட்டம் பின்பக்கமாகத் திரும்ப நுழையும் என்பது மற்ற மொழிகளில் பழகிய கைக்கு இயல்பாக வருவதில்லை. பட்டியலை ஒட்டும் இரண்டு வரிகள் நான்கு விடைகளைத் தருவது இந்த மூன்றாவது வாசலால்தான். முடிவில்லாத ஓட்டங்களில் பல ஒளிந்திருப்பதும் அங்கேயேதான்.

அந்த மூன்றாவது வாசலை மூட மொழியே ஓர் ஆணி கொடுத்தது. ஆச்சரியக்குறி வடிவிலான அதற்கு ‘கட்’ என்று பெயர். இதுவரை தேர்ந்தது தேர்ந்ததுதான், இனிப் பின்வாங்காதே என்பது அதன் பொருள். தேவையற்ற தேடலை வெட்டுவதால் நிரல் வேகமாகும், நினைவகம் மிச்சமாகும். ஆனால் அது முதல் வாசிப்பில் இடமே இல்லாத கட்டளை. இரண்டு எண்களில் பெரியதைச் சொல்லும் இரண்டு விதிகளைப் பாருங்கள். முதல் எண் இரண்டாவதைவிடப் பெரியதாகவோ சமமாகவோ இருந்தால் முதலாவதே விடை, கட், இனி அடுத்த விதியைப் பார்க்காதே என்பது முதல் விதி. மற்றபடி இரண்டாவதே விடை என்பது அடுத்தது. 5, 2 இரண்டில் பெரியது எது என்று கேட்டால் 5 என்று சரியாகவே சொல்லும். 5, 2 இரண்டில் பெரியது 2 தானா என்று கேட்டால், ஆம் என்று சொல்லும்! முதல் விதியின் தலைப்பகுதியில் விடையும் முதல் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும்; 5-ம் 2-ம் ஒன்றல்ல என்பதால் அந்த விதிக்குள் எந்திரம் நுழையவே இல்லை, கட்டும் எட்டவில்லை. இரண்டாவது விதிக்கோ எந்த நிபந்தனையும் இல்லை. பொய்யான ஒரு கூற்றை நிரல் நிரூபித்துவிட்டது. முதல் வாரத்திலேயே கட்டைக் கற்றுக்கொண்டு தாராளமாகப் பயன்படுத்தியவர்கள் எழுதிய நிரல்கள் பலவற்றில் இந்த வகைப் பிழை பதுங்கியிருப்பது இதனால்தான்.

வேகத்துக்காகவே மொழியைக் குறை சொல்வது ஒரு காலத்து வழக்கம். அது பாதிதான் நியாயம். டேவிட் வாரன் எடின்பரோவில் டெக்-10 கணினிக்குச் செய்த கம்பைலர், அன்றைய லிஸ்ப் மொழியோடு ஒப்பிடத்தக்க வேகத்தில் புரோலாக் ஓடும் என்று 1977-இலேயே காட்டிவிட்டது. 1983-இல் அவர் வகுத்த வாரன் எந்திரம் என்ற கருத்தியல் வடிவம் பிறகு வந்த பல புரோலாக்குகளுக்கு அடிப்படையாயிற்று. அக்காலத்தில் புரோலாக்கின் வேகத்தை ஒரு நொடியில் எத்தனை தர்க்கப் படிகள் என்று அளந்தார்கள். அளக்க எடுத்துக்கொண்ட கணக்கு 30 உறுப்புகள் கொண்ட பட்டியலைத் தலைகீழாக்குவது. வாலைத் தலைகீழாக்கி அதன் கடைசியில் தலையை ஒட்டு என்ற நேரடி வரையறையில் எழுதினால் அதற்கு 496 படிகள் தேவை. தலைகீழான பகுதியைக் கையில் வைத்துக்கொண்டே போகும் வரையறையில் எழுதினால் 32 படிகளில் முடியும். இரண்டும் ஒரே உறவைத்தான் சொல்கின்றன. தர்க்கம் ஒன்று, அதை ஓட்டும் வழியான கட்டுப்பாடு வேறு. 1979-இல் கோவால்ஸ்கி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பே ‘அல்காரிதம் = தர்க்கம் + கட்டுப்பாடு’ என்ற சமன்பாடு. கூட்டல் குறிக்கு வலப்பக்கத்தில் இருப்பதை அவர் மறைக்கவில்லை. மொழியைப் பரப்பியவர்கள் இடப்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டதுதான் பின்னால் வந்த ஏமாற்றத்துக்கு விதை.

அந்த ஏமாற்றம் பெரிய அளவில் நடந்தது ஜப்பானில் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1982-இல் ஜப்பான் அரசு தொடங்கிய ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம், கசுஹிரோ ஃபூச்சியின் தலைமையில், தர்க்க நிரலாக்கத்தையே அடித்தளமாகக் கொண்ட இணைக் கணினிகளைப் பத்தாண்டுகளில் செய்து காட்டப் புறப்பட்டது. போட்டியில் பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சத்தில் பிரிட்டனும் ஐரோப்பாவும் அமெரிக்காவும் தங்கள் திட்டங்களைத் தொடங்கின. 1990-களின் தொடக்கத்தில், எதிர்பார்த்த சந்தையைப் பிடிக்காமல் ஜப்பான் திட்டம் முடிவுக்கு வந்தபோது புரோலாக்கின் பெயரும் சேர்ந்து கெட்டது. ஆனால் அங்கே இறுதியில் சோதிக்கப்பட்டது புரோலாக் அல்ல. பல செயலிகளில் ஒரே நேரத்தில் ஓடவேண்டும் என்பதற்காக அவர்கள் நகர்ந்த மொழிகள், ஒரு கிளையைத் தேர்ந்தால் திரும்பாத வகை. பின்வாங்கும் தேடலையே விட்டுவிட்ட வகை. பட்டியலை ஒட்டவும் பிரிக்கவும் ஒரே வரையறை உதவிய அந்த அழகைக் கொடுத்து இணை வேகத்தை வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் சாதாரணச் செயலிகளே ஆண்டுக்காண்டு வேகமாகிக்கொண்டு வந்ததால், தனி எந்திரங்களுக்கான தேவை கரைந்துபோயிற்று. தர்க்கத்தை நம்பியதுதான் குற்றம் என்று அந்த வரலாற்றிலிருந்து முடிவு கட்டுவது சரியாகாது.

புரோலாக் எங்கே சரியாகப் பொருந்தியது என்று பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. 1986-இல் லண்டனின் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த கோவால்ஸ்கி, மாரெக் செர்கோட், ஃபரீபா சத்ரி முதலியோர், பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை ஒரு தர்க்க நிரலாக எழுதி அந்த அனுபவத்தை வெளியிட்டார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்த 1983 ஜனவரி 1-க்குப் பின் பிரிட்டனில் பிறந்த ஒருவர், பிறந்த நேரத்தில் அவருடைய தாயோ தந்தையோ பிரிட்டிஷ் குடிமகனாகவோ அங்கே நிலையாகக் குடியேறியவராகவோ இருந்தால் குடிமகன் ஆவார் என்கிறது முதல் பிரிவு. இது அப்படியே ஒரு புரோலாக் விதி; சட்டத்தின் நடையும் மொழியின் நடையும் ஒன்றாகவே போகின்றன. சிக்கல் வந்தது அடுத்த உட்பிரிவில். பிரிட்டனில் கைவிடப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தை, மாறாக நிரூபிக்கப்படாதவரை, தகுதியுள்ள பெற்றோருக்கு அங்கே பிறந்ததாகக் கொள்ளப்படும். மாறாக நிரூபிக்கப்படாதவரை என்பதை எப்படி எழுதுவது? புரோலாக்கின் மறுப்பு, ஒன்றை நிரூபிக்க முடியவில்லை என்றால் அது பொய் என்று எடுத்துக்கொள்ளும். இந்த உட்பிரிவுக்கு அது கிட்டத்தட்டப் பொருந்தும். வேறு இடங்களில் அதையே பயன்படுத்தினால் ஆபத்து: ஒருவருடைய தந்தை குடிமகனா என்ற ஆவணம் கிடைக்கவில்லை என்பதும், தந்தை குடிமகன் அல்ல என்பதும் ஒன்றல்ல. மொழியின் இந்தக் குறையே, சட்டத்தில் எங்கே அறியாமை மறுப்பாக எடுக்கப்படுகிறது, எங்கே அப்படி எடுக்கக்கூடாது என்பதை எழுதியவர்களே கவனித்துக் கேட்கவைத்தது. இதைப் புரோலாக்கின் ஆகச்சிறந்த பயன்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன். விதிகளை எழுத முயலும்போது விதிகளில் உள்ள மௌனங்கள் வெளியே வருகின்றன.

விதிகள் நிறைந்த துறைகளில் இந்த மொழி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் அவருடைய சகாக்களும் தொலைபேசி இணைப்பகங்களுக்காக எர்லாங் மொழியைப் படிப்படியாகச் செதுக்கியபோது, அதன் முதல் வடிவத்தைப் புரோலாக்கில்தான் ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் போதாமல் பிறகு வேறு எந்திரத்துக்கு மாறினாலும், எர்லாங்கின் காற்புள்ளிகளிலும் முற்றுப்புள்ளிகளிலும் அந்தத் தாய்வீட்டின் சாயல் இன்றும் இருக்கிறது. 2011-இல் ஜெப்பர்டி வினாடி வினாவில் மனித வெற்றியாளர்களை வென்ற ஐபிஎம்மின் வாட்சன், கேள்வி வாக்கியங்களின் இலக்கண அமைப்பில் உறவுகளைத் தேடப் புரோலாக் விதிகளைப் பயன்படுத்தியது. ஜாவா எந்திரத்தின் அதிகாரபூர்வ விவரக்குறிப்பிலோ, ஒரு நிரல்கோப்பு வகைப் பிழை இல்லாமல் ஓடுமா என்று சரிபார்க்கும் நிபந்தனைகளே புரோலாக் விதிகளாக அச்சிடப்பட்டிருக்கின்றன. அந்தப் புத்தகத்தைப் படிப்பவர்கள் அவற்றை ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. சாதாரண உரைநடையில் எழுதினால் இரண்டு பொருள் தந்துவிடக்கூடிய இடத்தில், ஒரே பொருள் தரும் நடையாக அது பயன்படுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான சான்று ஒன்றையும் இங்கே வைக்கவேண்டும். நிரல் மாற்றங்களைச் சரிபார்த்து ஏற்கும் கெரிட் என்ற கருவியில், எந்த மாற்றத்தை எப்போது ஏற்கலாம் என்ற விதிகளைப் புரோலாக்கில் எழுத வசதி இருந்தது. விதிகள்தான், புரோலாக்குக்கு ஏற்ற வேலைதான். இருந்தும் பிற்காலத்தில் அதைக் கைவிடச் சொல்லி, எளிய நிபந்தனைகளாக எழுதும் வேறு முறைக்கு மாறினார்கள். காரணம் புரிந்துகொள்ள முடியாதது அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு விதியைத் திருத்த வரும் ஆள் நான்கு வாசல் பெட்டியையும் பின்வாங்கலையும் கற்றுக்கொண்டு வரவேண்டும் என்றால் அது நியாயமான எதிர்பார்ப்பு அல்ல. எப்போதாவது மட்டும் தொடுபவருக்குப் புரோலாக் பொருந்தாது. நாள்தோறும் அதில் புழங்குபவருக்கே பொருந்தும். அது பரவாமல் போனதற்கு இதுவும் காரணம். அதோடு ஐஎஸ்ஓ தரம் வருவதற்கே 1995 ஆகிவிட்டது. அதற்குள் ஒவ்வொரு புரோலாக்கும் தன் வழியில் போய், ஒன்றில் எழுதியது மற்றொன்றில் ஓடாத நிலை வந்திருந்தது.

பைத்தானில் ஒரு நூலகத்தைச் சேர்த்துக்கொண்டால் இதே வேலை நடக்குமே, தனி மொழி எதற்கு என்றும் கேட்பார்கள். புதிர்களையும் கால அட்டவணைகளையும் தீர்க்க அது நியாயமான வழிதான். ஆனால் அங்கே விதிகள் இன்னொரு நிரலுக்குள் செருகிய பொருளாகவே இருக்கின்றன. புரோலாக்கில் விதியே தரவு. மொழியின் எந்திரம் எப்படி வேலை செய்கிறதோ அதையே மூன்று விதிகளில் புரோலாக்கிலேயே எழுதிவிடலாம். அந்த மூன்றையும் சற்று மாற்றினால், ஒவ்வொரு முடிவுக்கும் எந்த விதி, எந்த உண்மை காரணம் என்று நிரூபணத்தையும் சேர்த்துக் கொடுக்கும் எந்திரம் கிடைக்கிறது. பெரிய மொழி மாதிரிகள் கேள்விக்குச் சரளமாகப் பதில் சொல்லும் இந்தக் காலத்தில் கையால் எழுதிய விதிகள் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. உலகத்தை முழுவதும் விதிகளில் அடைக்க முயன்ற 1980-களின் நிபுணர் அமைப்புகள் ஏன் சரிந்தன என்பதை மறந்துவிட்டு இதற்குப் பதில் சொல்லக்கூடாது. படத்தில் இருப்பது பூனையா என்று சொல்லவும், தெருவில் பேசும் பேச்சை எழுத்தாக்கவும் விதிகள் போதா. ஆனால் ஒருவருக்குக் குடியுரிமை இல்லை என்று சொல்லும் இடத்தில், எந்தப் பிரிவின் எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று காட்டியாக வேண்டும். அங்கே பழக்கத்திலிருந்து ஊகிப்பது போதாது. காரணத்தைக் காட்டக்கூடிய, திரும்ப ஓட்டினாலும் அதே பதிலைத் தரக்கூடிய விதிகள் தேவை. இந்த இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று விரட்டவேண்டிய போட்டியாளர்கள் அல்ல.

இரண்டு வாசிப்புகளுக்கும் இடையிலுள்ள பள்ளம் மாறாமல் அப்படியே கிடக்கிறது என்பதும் சரியல்ல. ஸ்டோனி புரூக்கில் உருவான எக்ஸ்எஸ்பி முதலிய புரோலாக்குகள், ஏற்கனவே கேட்ட கேள்வியையும் கிடைத்த விடைகளையும் அட்டவணையில் குறித்துக்கொள்கின்றன. அதே கேள்வி மறுபடி வந்தால் அட்டவணையைப் பார்த்துவிட்டு நின்றுவிடுகின்றன. ரயில் நிரலில் நிபந்தனைகளை எந்த வரிசையில் வைத்தாலும், பாதைகள் இருதிசையாக இருந்தாலும், போர்தோவுக்கு வழியில்லை என்ற பதில் வந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், 1987-இல் ஜாஃபரும் லாசேயும் மாறிகள் நிறைவேற்றவேண்டிய நிபந்தனைகளான கட்டுப்பாடுகளை (கோவால்ஸ்கியின் சமன்பாட்டிலுள்ள கட்டுப்பாடு அல்ல இது) தர்க்க நிரலாக்கத்துக்குள் கொண்டுவந்தார்கள். பழைய புரோலாக்கில் எண்கணிதம் ஒருவழிப் பாதை. மாறியின் மதிப்பு தெரிந்தால்தான் கூட்டும், தெரியாவிட்டால் பிழை சொல்லி நிற்கும். கட்டுப்பாடுகளில் அதுவும் உறவாகிவிடுகிறது. இவ்வளவும் கையில் இருக்க, பல பாடங்கள் இன்னும் 1980-களின் வரிசையிலேயே நடக்கின்றன: உண்மைகள், விதிகள், பட்டியல், எண்கணிதம், உடனே கட். என்னைக் கேட்டால் கட்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அட்டவணையையும் கட்டுப்பாடுகளையும் தொடக்கத்திலேயே தரவேண்டும். பெரிய எண்ணைச் சொல்லும் அந்த உறவை அப்படி எழுதினால், 5-க்கும் 2-க்கும் பெரியது 2 தானா என்று கேட்டால் இல்லை என்றே சொல்லும். 5-க்கும் இன்னொரு எண்ணுக்கும் பெரியது 5 என்றால் அந்த எண் எது என்று கேட்டால், 5-க்கு மேற்படாத எந்த முழு எண்ணாகவும் இருக்கலாம் என்று பதில் வரும்.